ஏற மறுத்த அப்டேட்

அத்தியாயம் 6

ஜமுனாமரத்தூரைத் தாண்டியதும் தார் ரோடு தன் பொறுப்பைக் கைகழுவிவிட்டது. அதற்கு மேல் ஜீப்பைக் கொண்டுபோவது பாலமுருகன் பாடு. கணியம்பாடியில் பிறந்து, டிராக்டர் ஓட்டிப் பழகியவன் அவன். குழியைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிற ஆளும் இல்லை.

"மேடம், கொலை கொள்ளைன்னு போனா ஒரு கெத்து கீது. நேத்து வூட்டுல எதுக்கு மலைக்குப் போறேன்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல அப்டேட் ஏற மாட்டேங்குதாம், அதுக்குத்தான் போறோம்னேன். என் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல குக்கர் விசிலே காதுல வுழல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காஷிஃபா சிரிக்கவில்லை. வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவள் அவள். கடைக்கு வருகிற பெட்டிகளுக்குள் பழுதை விடப் பொய்தான் அதிகம் இருக்கிறது என்று கண்டுகொண்டு, ஒருநாள் பலகையை மாற்றித் துப்பறியும் அலுவலகம் ஆக்கிவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரை மட்டும் இன்னும் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

"அப்டேட் ஏறலன்னு போகல பாலா. அது ஏறாததுக்கு ஒரு பொம்பளை மேல பழி போட்டுட்டாங்க. அதுக்குப் போறோம்."

பழி சுமத்தப்பட்டவள் பெயர் பாஞ்சாலி. அவளுடைய அக்கா வசந்தி வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். முந்தின நாள் ஷிப்ட் முடிந்த கையோடு காஷிஃபாவின் ஆபீசுக்கு வந்து, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். மலை மேல் நெல்லிப்பாறை என்ற ஊரில் சாமைமலை உழவர் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது. பாஞ்சாலி அதன் ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவள். ஊருக்கு மேற்கே ஒரு சரிவு, பலாமரத்துக் கொல்லை என்று பெயர். தலைமுறையாக அங்கே சாமை விதைக்கிற குடும்பங்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா கேட்டு மனு போட்டதிலிருந்து பாஞ்சாலி ஒவ்வொரு வருடமும் கதிர் பிடிக்கும் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் அவரவர் கொல்லையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து வந்தாள். இன்று மத்தியானம் ஆய்வு அதிகாரி வருகிறார். படங்களைக் காட்டினால் கொல்லை அவர்களுடையது. காட்டாவிட்டால் அது தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால், அதன் வழியே ஒரு ரிசார்ட்டுக்கு ரோடு போகும்.

படங்கள் காணோம்.

கூட்டமைப்பின் செயலாளர் ஆதிநாராயணன் செங்கத்து வியாபாரி. பழைய கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று அவர்தான் புதுப் பெட்டி வாங்கி அனுப்பினார். செங்கத்திலிருந்து வந்த டெக்னீஷியன் அருண்ராஜ் பழைய டிஸ்க்கில் இருந்ததை அச்சு அசலாக நகல், அதாவது இமேஜ், எடுத்துப் புதியதில் இறக்கிவிட்டு, பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அவன் போன பிறகு பார்த்தால் புதியதில் எல்லாம் இருந்தது, படங்களைத் தவிர. போதாக்குறைக்கு அன்றைக்கிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் எந்த அப்டேட்டும் ஏற மறுத்தது. பாஞ்சாலி கண்டதையும் நோண்டிக் கெடுத்துவிட்டாள் என்றார் செயலாளர்.

காலையில் வரும் வழியிலேயே காஷிஃபா செங்கத்தில் பழைய இரும்புக் கடையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். பழைய பெட்டியை அங்கே போட்டுவிட்டதாக வசந்தி சொல்லியிருந்தாள். அது அங்கே வந்து சேர்ந்தது நிஜம்தான். கடைக்காரர் அதைத் திறந்தே காட்டினார். உள்ளே டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"அந்த அருண்ராஜ் உருவிக்கினான் மேடம். இந்நேரம் அது ஏதாவது கெணத்துல முங்கிக் குளிச்சிட்டிருக்கும்," என்றான் பாலமுருகன்.

"இருக்கலாம்," என்றாள் காஷிஃபா. அவள் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். இது பாலமுருகனுக்குத் தெரியும், ஆனால் ஏன் இல்லை என்பது எப்போதும் கடைசியில்தான் தெரியும். இந்த வேலையில் அவனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

நெல்லிப்பாறை ஆபீஸ் ஒரே அறை கொண்ட ஓட்டுக் கட்டடம். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் முறத்தோடும் பேச்சோடும் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவள்தான் பாஞ்சாலி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் சாவி அவள் தாலிக் கயிற்றில் ஊக்குகளுக்கு நடுவே தொங்கியது.

"வசந்தி அனுப்புன ஆளுங்களா?"

"ஆமாங்க. நான் காஷிஃபா. இவரு பாலமுருகன்."

"உள்ள போவணும்னா தொறக்கறேன். ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன். தப்பா நெனைக்காதீங்கக்கா, யாரையும் நம்பற நெலமையில நான் இல்ல."

"எங்களையும் நம்ப வேணாம். பக்கத்துலயே நில்லுங்க," என்றாள் காஷிஃபா. "அதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்ததை ஒரு தடவை சொல்லிடுங்க."

பாஞ்சாலி எழுந்திருக்காமலே சொன்னாள். அருண்ராஜ் காலை பஸ்ஸில் வந்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டிக்குள் மாட்டினான். ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஆகும்போது டீ வேண்டும் என்றான். சர்க்கரை இல்லை என்றதும், வாங்கி வரச் சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பினான். திரும்பி வந்து பார்த்தால் திரை கருப்பாக இருந்தது, அவன் முகமும் அப்படித்தான் இருந்தது. டீ போட்டு எடுத்து வருவதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது, மூடியை மாட்டிக்கொண்டிருந்தான். டீயைக் குடிக்கவே இல்லை.

"வெளிய கண்டக்டரு விசில் மேல விசில் அடிக்கறாரு. அதான் கடைசி பஸ்ஸு. அத வுட்டா விடியறவரைக்கும் வேற இல்ல. பழைய பொட்டியத் தூக்கிக்கினு ஓடுனாரு. ஊரே பாத்துச்சு."

"படம் இல்லன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"அவரு போனப்புறம். தேடித் தேடிப் பாத்துட்டு, ராவெல்லாம் தூங்கல. அப்டேட் ஏறலன்னு மட்டும் செயலாளருக்குப் போன் பண்ணேன். படம் போனதப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறக்கல, என் வூட்டுக்காரர்கிட்ட கூட. ஆனா காலையில செயலாளரு கார்ல வந்து எறங்கறாரு. கூடவே அந்த அருண்ராஜி. கையில டைப் அடிச்ச பேப்பரு. என்னோட கவனக்கொறைவால படமெல்லாம் அழிஞ்சிடுச்சின்னு எழுதிக் கீழ எம்பேரு."

பாலமுருகன் விசிலடித்தான். "நீங்க யாருக்கும் சொல்லல. அவரு டைப்பே அடிச்சிட்டாரு. ஜோசியம் பாக்கறாரா?"

"கையெழுத்துப் போட்டா போலீசு கெடையாது, வேலையும் போவாதுன்னாரு. செய்யாததுக்குக் கையெழுத்துப் போடற கை எனக்கு இல்லைன்னேன். சரி, சாவியக் குடு, அருண்ராஜி ஒரு சின்ன வேலை பாக்கி வெச்சிட்டான், முடிக்கட்டும்னாரு. அந்தப் பேப்பர வாங்கி உள்ள அலமாரியில போட்டுட்டு, எம்பேரு வெளுக்காம இந்தக் கதவு தொறக்காதுன்னு பூட்டிக்கினு உக்காந்தேன். நாலு நாளாச்சு. இவங்கெல்லாம் மாத்தி மாத்தி எனக்குச் சோறு கொண்டாறாங்க."

கேட்டுக்கொண்டிருந்த பாலமுருகன் ஒரு கேலி தயாராக வைத்திருந்தான், அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

காஷிஃபா கதவைப் பார்த்தாள், பிறகு சாவியைப் பார்த்தாள். "நாலு நாளா அவங்க யாரும் உள்ள போகல, இல்லையா?"

"என்னத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போவணும்."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. எவ்ளோ நல்லதுன்னு உங்களுக்கே இன்னும் தெரியாது. தொறங்க."

அறைக்குள் ஒரு மேஜை, ஒரு அலமாரி, சாமை மூட்டைகள், சுவரில் சாமி படம் போட்ட காலண்டர், மேஜை மேல் பளபளவென்று புதுப் பெட்டி. காஷிஃபா பொத்தானை அமுக்கினாள். பெட்டிக்குள் ஒரு முனகல் கேட்டது. பிறகு எதுவோ கடகடவென்று உருண்டு, சீரான இரைச்சலாக அடங்கியது.

"புதுப் பொட்டின்னாங்க," என்றான் பாலமுருகன். "எங்க மாமன் டிராக்டரு காலையில இப்டித்தான் இருமும். செயலாளரு செகண்ட் ஹேண்டு தள்ளிட்டாரா?"

காஷிஃபாவின் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது. "இன்னா சொன்னீங்க?"

"இருமுதுன்னேன் மேடம். தப்பா?"

"தப்பே இல்ல." அவள் பாஞ்சாலியிடம் திரும்பினாள். "இந்தச் சத்தம் எப்பலேருந்து?"

"வந்ததுலேருந்தே. பழைய பொட்டியிலயும் இதே சத்தம்தான். பழகுன சத்தம்னு நான் பெருசா எடுத்துக்கல."

ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த மொபைலிலிருந்து இணைப்பு வந்தது. அந்த அறையில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தக் கம்பிதான். காஷிஃபா அப்டேட்டை ஓடவிட்டாள். கொஞ்சம் ஏறியது, நின்றது, யோசித்தது, பின்வாங்கியது. கம்ப்யூட்டரை எழுப்பும் பகுதியைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. முன்பு நடந்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். பழைய பெட்டியில் இருந்த காலத்தில் எல்லா அப்டேட்டும் ஒழுங்காக ஏறியிருந்தன. இமேஜ் மாற்றிய அன்று சாயங்காலம் முதல் ஒன்றுகூட ஏறவில்லை. ஒவ்வொன்றும் ஒரே வரியைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தது.

"ஒரே பல்லவி பாடுது," என்றான் பாலமுருகன்.

"பொய் சொல்றவங்கதான் பாலா ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்திச் சொல்லுவாங்க. இது கேக்கறவங்க எல்லாருக்கும் ஒண்ணையே சொல்லுது. நாமதான் காது குடுக்கல."

டிஸ்க் விவரம் காட்டும் வேறொரு பக்கத்தை அவள் கம்ப்யூட்டரில் திறந்தாள். திரையில் நீல நிறத்தில் சில பட்டைகள் தெரிந்தன. ஒருமுறை பார்த்தாள், உடனே மூடினாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள். மூடியில் நாலு ஓட்டைகள், ரெண்டு ஸ்க்ரூ.

பாஞ்சாலி கேட்காமலே அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். அதில் ரெண்டு ஸ்க்ரூ கிடந்தன. "அவரு போனப்புறம் பெருக்கறப்போ மேஜைக்குக் கீழ கெடைச்சுது. தேவைப்படும்னு எடுத்து வெச்சேன்."

"தேவைப்படும். கையிலயே வெச்சிருங்க."

வெளியே வந்ததும் பாலமுருகன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், புரிஞ்சிடுச்சுன்னு உங்க மூக்கு சொல்லுது."

"புரிஞ்சிடுச்சு."

"எனக்கும் சொன்னா நானும் தெம்பா நிப்பேன்ல?"

"இப்பச் சொன்னா உங்க மூஞ்சி எல்லாத்தையும் ஊருக்கே காட்டிக் குடுத்துடும். பாஞ்சாலி, கதவைப் பூட்டி சாவியப் பழையபடி போட்டுக்குங்க. நாமளா எதையாவது சொன்னா நாமளே ஜோடிச்சதுன்னுவாங்க. முதல்ல அவங்க பேசி முடிக்கட்டும்."

பாஞ்சாலிக்கு அது பிடிக்கவில்லை. "பேசிப் பேசித்தானே என்னை இந்த எடத்துல உக்கார வெச்சாங்க."

"இன்னிக்கும் பேசுவாங்க. நீங்க குனியாம நின்னா போதும்."

"குனியறதா," என்றாள் பாஞ்சாலி.

மத்தியானம் ரெண்டு வண்டிகள் வந்தன. முதல் வண்டியிலிருந்து ஆய்வு அதிகாரி சிவசங்கரி இறங்கினார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. ரெண்டாவது வண்டியிலிருந்து வெள்ளைச் சட்டையோடு ஆதிநாராயணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் முதுகுப் பையோடு அருண்ராஜ். பெண்கள் முறத்தை ஓரம் வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருத்திகூட வழி விடவில்லை.

"பாத்தீங்களா மேடம், இதான் இங்க நெலமை," என்று அதிகாரியிடம் ஆரம்பித்தார் ஆதிநாராயணன். "படம் போனதுக்கு எனக்கும் வருத்தந்தான். அந்தப் பொண்ணு வேணும்னு பண்ணலைங்க, வெவரம் பத்தாது. போன ஆயுத பூஜைக்கு இன்னா பண்ணுச்சு தெரியுமா? கம்ப்யூட்டர் மூடியத் தொறந்து, உள்ள கீற பாகத்துக்கெல்லாம் சந்தனம் குழைச்சு, குங்குமம் வெச்சு, சூடம் காட்டியிருக்கு. டிஸ்க்கு மேலயே பொட்டு. அப்புறம் அது உருப்படுமா? அன்னைக்கே அது செத்துப்போச்சு. செத்த டிஸ்க்கை இமேஜ் எடுத்தா இன்னா வரும்? படமும் வரல, அந்தக் கோளாறு ஒட்டிக்கினு புதுசுலயும் அப்டேட் ஏறல."

வண்டி ஓட்டி வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலியின் முகம் சிவந்தது, ஆனால் தலை குனியவில்லை.

"வெச்சேன்," என்றாள். "ஏர்க்கலப்பைக்கு வெக்கறோம், அரிவாளுக்கு வெக்கறோம். எங்க படத்தையெல்லாம் காப்பாத்தி வெச்சிருந்தது அந்த டிஸ்க்குதான். வெளிய தகரத்துக்கு வெச்சிட்டு வேலை செய்யறதுக்கு வெக்காம வுடுவேனா? தொடச்சு, ஒரு விரல் நுனி சந்தனம் வெச்சேன். அதுக்கப்புறமும் அது நல்லாத்தான் ஓடுச்சு."

காஷிஃபா முன்னால் வந்து அதிகாரியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். ரெண்டு நிமிஷம் பேச அனுமதி கேட்டாள். சிவசங்கரி தலையசைத்தார்.

"அருண்ராஜ் தம்பி, செயலாளர் சொன்ன மாதிரி அந்தப் பழைய டிஸ்க்குல பொட்டு இருந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேங்க," என்றான் அருண்ராஜ் தயக்கமில்லாமல். "நடுவுல சந்தனம், அதுமேல குங்குமம். நான்தான் சார்கிட்ட சொன்னேன்."

"இப்ப அந்த டிஸ்க் எங்க?"

"பழைய பொட்டியோட எடுத்துட்டுப் போய்ட்டேன். செங்கத்துல இரும்புக் கடையில போட்டாச்சு."

"பெட்டி மட்டும்தான் வந்துச்சுன்றாரு கடைக்காரர்."

ஒரு கணம் அவன் கண் செயலாளர் பக்கம் போய் வந்தது. "டிஸ்க்கைத் தனியா ஒடைச்சுப் போட்டுட்டேன். செத்த டிஸ்க்குதானே."

"சரி. அப்போ இந்தப் புதுப் பெட்டிக்குள்ள ஒரே டிஸ்க்தான். நீங்க புதுசா போட்டது."

"ஒண்ணுதான்."

"அது எப்படிப்பட்டது? உள்ள ஏதாவது சுத்துமா, சத்தம் போடுமா?"

"அதெல்லாம் பழைய காலம். இது மூச்சுகூட வுடாது," என்றான் அருண்ராஜ், சற்றுப் பெருமையாகவே.

பாலமுருகனுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் கேட்ட இருமல் காதுக்குள் மறுபடி கேட்டது. மேடம் சொன்னது சரி. அவன் முகம் அதற்குள் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்திருந்தது. சட்டென்று திரும்பி மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.

"பாஞ்சாலி, கதவைத் தொறங்க. பெட்டியை வெளிய எல்லாரும் பாக்கற இடத்துக்குக் கொண்டாங்க. மூடியை நீங்களே கழட்டுங்க."

"அது கேரண்டியில கீதுங்க, தொறந்தா போய்டும்," என்றார் ஆதிநாராயணன் அவசரமாக.

"நாலு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்துல ரெண்டு போட்டு அனுப்பின பெட்டிக்கு எந்தக் கம்பெனி சார் கேரண்டி குடுக்குது?" என்றான் பாலமுருகன்.

பாஞ்சாலி மாத்திரை டப்பாவை அதிகாரியின் கையில் கொடுத்தாள். காஷிஃபாவின் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, மிச்சமிருந்த ரெண்டு ஸ்க்ரூவையும் நிதானமாகக் கழற்றினாள். மூடி வழுக்கிக்கொண்டு வந்தது.

மேலே சின்னதாய், மெல்லியதாய், புது டிஸ்க். அதற்குக் கீழே, மூலையில் ஒயர்களுக்குப் பின்னால் செருகியபடி, கனமான இரும்பு டிஸ்க் ஒன்று. அதன் நடுவில் காய்ந்து வெடித்த சந்தனம். சந்தனத்தின் மேல் மங்கிப்போன குங்குமம்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒடைச்சுப் போட்டுட்டேன்னீங்களே தம்பி," என்றாள் காஷிஃபா. "ஒட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கு பாருங்க."

"இது… இது வேற டிஸ்க்கா இருக்கும்."

"பொட்டு வெச்ச டிஸ்க் எத்தனை கீது இந்த மலையில? நடுவுல சந்தனம், அதுமேல குங்குமம்னு அடையாளம் சொன்னதே நீங்கதான். செயலாளரும் ஊரறியச் சொன்னாரு. நான் ஒரு வார்த்தை சேக்கல."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "எடுத்துட்டுப் போனதா சொன்னது உள்ளயே எப்படி இருக்கு? எனக்கு விளங்கற மாதிரி சொல்லுங்க."

"அந்த அப்டேட்தான் மேடம் சொல்லுச்சு. ஒவ்வொரு கம்ப்யூட்டர் டிஸ்க்குலயும் ஒரு சின்ன அறை இருக்கும். பெட்டியை எழுப்பறது அதுதான். இவரு இமேஜ் எடுத்தப்ப பெரிய அறையை மட்டும் எடுத்தாரு, சின்னதை விட்டுட்டாரு. புதுசுல படத்தை அழிச்சாரு. பழசைக் கழட்டினாரு. கழட்டினதும் பெட்டி எழுந்திருக்கல. பாஞ்சாலி பாத்த கருப்புத் திரை அதுதான். எழுப்பற அறை பழைய டிஸ்க்குலயே இருந்துச்சு."

"வண்டி புதுசு, செல்ஃப் மோட்டாரு பழைய வண்டியில," என்றான் பாலமுருகன்.

"அதேதான். சரிபண்ண நேரம் வேணும், நெட் வேணும். ரெண்டும் இல்ல, கடைசி பஸ் விசில் அடிக்குது. பழசைத் திரும்ப மாட்டி, அதோட பேரு மட்டும் திரையில தெரியாம மறைச்சிட்டு, காலிப் பெட்டியத் தூக்கிட்டு ஓடிட்டாரு. மறுநாள் வந்து முடிச்சிடலாம்னு கணக்கு. ஆனா ஒவ்வொரு அப்டேட்டும் முதல்ல அந்தச் சின்ன அறைக்குள்ள போய்த்தான் எழுதணும். புது டிஸ்க்குல தேடுது, அங்க இல்ல. அதான் முடியாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. எழுப்பற அறை இங்க இல்லன்னா, வேற எங்கயோ இருந்துதான் இது எழுந்திருக்குது. அந்த வேற எங்கயோ இந்தப் பெட்டிக்கு உள்ளதான் இருந்தாகணும்."

அருண்ராஜின் முதுகுப் பை தோளிலிருந்து நழுவியது. "பழசையும் அழிச்சிருப்பேன்," என்றான், யாரையும் பார்க்காமல். "அழிச்சா மறுபடி எழும்பாதோன்னு பயந்துட்டேன். கண்டக்டர் விசில் அடிச்சிட்டே இருந்தாரு. காலையில வந்தா இவங்க பூட்டிக்கினு உக்காந்துட்டாங்க. சாருதான் சொன்னாரு, படம் மட்டும் இருக்கக் கூடாதுன்னு. அவரு மச்சானோட ரிசார்ட்டுக்கு…"

"டேய்," என்றார் ஆதிநாராயணன்.

பெட்டியை அப்படியே மூடி இல்லாமல் உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தார்கள். பொத்தானை அமுக்கியதும் அதே முனகல், அதே கடகடப்பு. இப்போது வாசலில் நின்ற எல்லோரும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். காஷிஃபா மறைந்திருந்த டிஸ்க்குக்குத் திரும்ப ஒரு பெயர் கொடுத்தாள். அது திறந்துகொண்டது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சரிவு முழுக்கக் கதிர் சாய்ந்த சாமை, பின்னால் அதே பலாமரம், முன்னால் ஒரு குடும்பம். அடுத்த வருடம், அதே மரம், அதே குடும்பம், இடுப்பில் புதிதாக ஒரு குழந்தை. அதற்கும் அடுத்த வருடம் அந்தக் குழந்தை தன் காலில் நின்றது.

"அது என் பேத்தி," என்றாள் கும்பிட்ட பெண். அவள் அழுதுகொண்டிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. பாலமுருகனுக்கும் கண் கரித்தது. தூசி என்று சொல்லிக்கொள்ள அங்கே காற்றுகூட அடிக்கவில்லை.

அதிகாரி சிவசங்கரி கடைசிப் படம் வரை பார்த்தார். "இந்த டிஸ்க்கை நான் சீல் வெச்சு எடுத்துக்கறேன். அதுக்கு முன்னாடி அந்தக் கொல்லையை நேர்ல பாக்கணும். யார் கூட்டிட்டுப் போறீங்க?"

பெண்கள் எல்லோரும் நகர்ந்தார்கள். பாஞ்சாலி மட்டும் நகரவில்லை. ஆதிநாராயணன் அவள் பக்கம் வந்து, குரலை இறக்கினார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம். மொதல்ல அந்தச் சாவியக் குடு, ஆபீசப் பூட்டணும்ல."

பாஞ்சாலி தாலிக் கயிற்றில் தொங்கிய சாவியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அலமாரியைத் திறந்து, நாலு நாளாக அங்கே கிடந்த அந்த டைப் அடித்த காகிதத்தை எடுத்து அவர் முன்னால் மேஜையில் விரித்தாள்.

"இதுல ரெண்டு பொய் எழுதியிருக்கு. கவனக்கொறைவுன்னு போட்டிருக்கீங்க, அத அடிச்சிட்டு வேணும்னேன்னு எழுதுங்க. எம்பேர அடிச்சிட்டு உங்க பேர எழுதுங்க. கையெழுத்துப் போட்டா போலீசு கெடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். போலீசும் வரும். ஆனா கையெழுத்துப் போடாம இந்த வாசலத் தாண்ட முடியாது."

வாசலில் நகர்ந்துகொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்து, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முறங்களை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஒரு சாமை மூட்டையின் மேல் தானும் உட்கார்ந்துகொண்டார்.

ஆதிநாராயணன் சட்டைப் பையைத் தடவினார். அதில் எதுவும் இல்லை.

பாலமுருகன் தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் முன்னால் நீட்டினான்.